குழாய்களை எல்லாம் மூடிய பிறகு

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. ஆறு வருடமாக விசாரிக்காதவன் இன்று விசாரித்தால் உங்களுக்கே சந்தேகம் வரும். ஒரு தகவல் சொல்ல எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் 'நெருங்கிய உறவினர்' என்று ஒரு கட்டம். காலியாக விட்டுக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் திருப்பித் தந்துவிட்டாள். "ஒருத்தர் பேராவது போடணும் ஐயா, இல்லேன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காது" என்றாள். உன் பெயரையே போடட்டுமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த விலாசமும் போன் நம்பரும் உங்களுடையது ஒன்றுதான். போட்டுவிட்டேன். உறவு என்ற இடத்தில் 'உதவியாள்' என்று எழுதியிருக்கிறேன். யாராவது கேட்டால் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள். வர வேண்டாம். போனும் வேண்டாம். வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் போனை வைத்தால் டப்பாவுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

எதற்கு ஆஸ்பத்திரி என்று என் தங்கை கேட்பாள். சொல்லிவிடுங்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் என் புரோஸ்டேட் சுரப்பியைப் புற்றுநோய் என்று அடியோடு எடுத்தார்கள் அல்லவா? அது போன பிறகு ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற எண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். தண்ணீர்க் கசிவு தேடும் நம் தொழிலில் பார்த்ததுதான். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டால் மீட்டர் நிற்க வேண்டும். என் மீட்டர் ஓடுகிறது. முதலில் 0.2. பிறகு 0.7. இப்போது 2.1. எங்கேயோ கசிகிறது என்று சொல்ல எனக்கு டாக்டர் தேவையில்லை. எங்கே என்று சொல்லத்தான் தேவைப்பட்டார். ஊசி போட்டு, பெரிய வளையத்துக்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். இடுப்புக்குள் வலது பக்கம், பெரிய ரத்தக் குழாயை ஒட்டி, இரண்டு நிணநீர் முடிச்சுகள் பல்பு மாதிரி எரிகின்றன. அக்குளில் நெறி கட்டும் என்போமே, அந்த இனம்தான். மறுபடி அறுத்து அவற்றை எடுக்கலாம் என்கிறார் டாக்டர்.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். முப்பத்தைந்து வருடத் தொழிலில் ஒரே தரையை நான் இரண்டு தடவை உடைத்ததில்லை. உடம்பையும் அப்படி உடைக்க விட மாட்டேன். முதல் தடவை விட்டதே உங்கள் பேச்சைக் கேட்டுத்தான். "எல்லாம் போச்சு மச்சான், இனிமே ஒண்ணும் இல்ல" என்று ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொன்னீர்கள். அப்போது எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது.

காதுக்காரன்

*

மார்ச் 11

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டுவிட்டாள். "நீங்க அவரோட உதவியாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "சம்பளத்துக்கா?" என்றாள். தங்கையைக் கொடுத்தார் என்றேன். வைத்துவிட்டாள்.

உங்கள் தங்கைக்கு உங்கள் கடிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். அவள் படுக்கையில் இருக்கிறாள். ஜனவரியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், அண்ணனுக்குக் கோபிக்க இன்னொரு காரணம் எதற்கு என்று. நீங்கள் எழுதியதைக் கேட்டு முதலில் அழுதாள். உதவியாள் என்ற இடம் வந்ததும் அழுகை நின்றுவிட்டது. "நான் எந்திரிச்சு நடக்கட்டும். நேரா போய் அந்தப் பாரத்தைக் கிழிக்கிறேன்" என்கிறாள். மகளுக்குப் பகலெல்லாம் வேலை. இவளைத் திருப்பிப் படுக்க வைக்க, கழிப்பறைக்குத் தூக்கிப் போக நான் ஒருவன்தான்.

பழையதைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. மகளின் பிறந்தநாள் அன்று பதினைந்து பேர் இருந்த அறையில் உங்கள் நாற்காலி நனைந்துவிட்டது. நீங்கள் எழுந்து நின்று, "என்னை இப்படி ஆக்கினது இந்த ஆள்தான்" என்று என்னைக் கைகாட்டினீர்கள். அன்று போனவர்தான். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குச் சிறுநீர் நிற்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். உங்களுக்கு அப்படி ஆகாது என்று நான்தான் நினைத்தேன். ஆகிவிட்டது. அதற்காக நான் வருந்தாத நாள் இல்லை.

ஆனாலும் மச்சான், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். மறுபடி போய், என்ன ஏது என்று ஒரு தடவை கேட்டுவிட்டாவது வாருங்கள்.

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்

*

மார்ச் 18

மாப்பிள்ளைக்கு,

தங்கை விழுந்ததை எனக்கு மறைத்தீர்கள். நல்லது. உங்கள் குற்றங்களை நோட்டில் எழுதி வைக்க எனக்கு இன்னும் பக்கம் இருக்கிறது.

போய்க் கேட்டேன். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் கேட்டதை எல்லாம் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். பொறுமைசாலி. பழைய ஆபரேஷன் தழும்பு உள்ளே எல்லாவற்றையும் ஒட்டிப் பிடித்திருக்கும், அதற்குள் வழி எடுத்துப் போக வேண்டும் என்றார். சிமெண்டுக்குள் போகிற குழாயைப் பற்றி என்னிடமே பாடம். கால் வீங்கலாம். நீர் கோத்துக்கொள்ளலாம். இது வேண்டாம் என்றால் ஹார்மோன் ஊசி போட்டு அடக்கி வைக்கலாம், கதிர்வீச்சு வைக்கலாம். ஆனால் இரண்டே முடிச்சு, ஒரே இடம், ஆள் திடமாக இருக்கிறேன் என்பதால் அறுத்துப் பார்ப்பது வீண் இல்லை என்கிறார்.

எடுத்தால் மீட்டர் நிற்குமா என்று கேட்டேன். காகிதத்தை விட்டுவிட்டு என் இடது காதுப் பக்கம் வந்து குனிந்து சொன்னார்: "நிக்கலாம். குறையலாம். கொஞ்ச நாள் கழிச்சு வேற இடத்துல தெரியலாம். சத்தியம் பண்ணித் தர என்னால முடியாதுங்க."

சத்தியம் பண்ண முடியாத வேலையை நான் செய்ததும் இல்லை, செய்துகொள்ளப் போவதும் இல்லை. இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, இங்கே என்று சுண்ணாம்பால் வட்டம் போட்டால் அந்த வட்டத்துக்குள் கசிவு இருக்கும். ஒரு தரை, ஒரு உடைப்பு. நீங்கள் வாசலில் மீட்டர் முன்னால் உட்கார்ந்து எண்ணைப் படிப்பீர்கள். நான் உள்ளே. அது ஒன்றுதான் இத்தனை வருடம் உங்களுக்கு நான் கொடுத்த வேலை. அதிலிருந்தாவது கற்றிருக்கலாம்.

இங்கே என்னைப் பற்றிக் கவலைப்பட ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பியில் துணி காய்கிறது. கழிப்பறை வாசலில் ஒரு முக்காலி போட்டிருக்கிறேன், அங்கேயே பேப்பர் படிக்கலாம். சாயங்காலம் கம்பியைச் சுவர்க் குழாயில் வைத்து எலும்பில் ஒட்டிக்கொண்டால் கட்டடம் முழுதும் கேட்கிறது. மூன்றாம் மாடியில் பாத்திரம் கழுவுகிறார்கள். இரண்டாம் மாடியில் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள், ஏழு மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். போன வாரம் மூன்று நாள் நிற்கிற சத்தமும் இல்லை, வருகிற சத்தமும் இல்லை. ஊருக்குப் போயிருந்தார்கள் போல. மனிதர் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. தண்ணீர் கேட்கிறது. அது போதும்.

ஆபரேஷன் பற்றி இனி எழுத வேண்டாம்.

காதுக்காரன்

*

மார்ச் 24

மச்சான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். ஆபரேஷனைப் பற்றி இல்லை, ரொட்டி ஆலையைப் பற்றி.

இருபத்தெட்டு வருடம் ஆகிறது. மாவு மூட்டை அடுக்கும் அறை, ஈரம் சுவரில் இடுப்பு உயரம் ஏறியிருந்தது. நீங்கள் கம்பி வைத்துக் கேட்டு வட்டம் போட்டீர்கள். உடைத்தால் வட்டத்துக்குள்ளேயே கசிவு. முழங்கை மூட்டு பிளந்திருந்தது. ஒரு விரல் அளவுகூட நீங்கள் தவறவில்லை. மாற்றிப் பூட்டிவிட்டு உள்ளிருந்து குரல் கொடுத்தீர்கள், "என்னடா ஆச்சு?" என்று. நான் மீட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். "நின்னுடுச்சு அண்ணே" என்று கத்தினேன்.

நிற்கவில்லை மச்சான். பெரிய முள் நின்றிருந்தது. சின்ன முள் எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையைப் பெண் கேட்பதாக இருந்தேன். நீங்கள் முகம் மலர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ராத்திரி முழுக்கக் குழாய்களை மூடி வைத்துக் காலையில் மீட்டரைச் சரிபார்ப்பது உங்கள் வழக்கம். அன்று நான் சொன்னதை நம்பி நீங்கள் அதையும் செய்யவில்லை. இன்னொரு தடவை ஈரம் வந்தால் தொழிலையே விட்டுவிடுகிறேன் என்று ஆலை முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள். பத்தாம் நாள் அந்த அம்மா ஆள் அனுப்பினார்கள். நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ, ஆள் என்னிடம் வந்தான். ஞாயிற்றுக்கிழமை, கம்பி முனையைத் தேய்த்துத் தருகிறேன் என்று உங்களிடம் வாங்கிக்கொண்டு நான் போனேன். என் காதுக்கே கேட்டது. பெரிய சத்தம் போனதும் அதற்கு அடியில் இருந்த சின்னச் சத்தம் எழுந்து வந்திருந்தது. நீங்கள் உடைத்த இடத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி உடைத்தேன். இன்னொரு மூட்டு. மாற்றினேன். பூசினேன். மறுநாள் காலை வரை இருந்து மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அன்று உண்மையாகவே நின்றிருந்தது.

ஒரே தரையை இரண்டு தடவை உடைக்காதவர் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் நான் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆறு வருடம் முன்பு முதல் ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் என்னிடம் சொன்னது, "எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, ஆனா விடாம பார்த்துக்கிட்டே இருக்கணும்." வராந்தாவில் நான் உங்களுக்குச் சொன்னது அதில் முதல் பாதிதான். மறுபடியும் "நின்னுடுச்சு" என்றேன்.

நீங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தால் அது உங்கள் உடம்பு. ஆனால் என் பொய்யின் மேல் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

*

ஏப்ரல் 2

உதவியாளுக்கு,

இந்தக் கடிதத்தில் 'நீங்கள்' வராது. மாப்பிள்ளைக்கு எழுதும்போது அதைப் போடுவேன். இது உனக்கு.

நீ சொன்னதை நான் நம்பவில்லை. எனக்கு ஆபரேஷன் செய்ய வைக்க ஒரு கதை கட்டியிருக்கிறாய் என்று நினைத்தேன். கம்பியை எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன். ரொட்டி ஆலை இல்லை. இப்போது அது உடற்பயிற்சிக் கூடம். ஆட்கள் இருந்த இடத்திலேயே சைக்கிள் ஓட்டுகிறார்கள். பாட்டு எனக்குக் கேட்கவில்லை, உள்ளங்காலில் அதிர்ந்தது. பயிற்சியாளர் ஒருவர் வந்து, "சேரணுமா தாத்தா? பெரியவங்களுக்குத் தனி வகுப்பு இருக்கு" என்று கையைக் காட்டிப் பேசினார். தரையைப் பார்க்க வேண்டும் என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் மெஷினை நகர்த்தி, ரப்பர் விரிப்பைச் சுருட்டிக் காட்டினார். நல்ல பையன்.

தரையில் இரண்டு சிமெண்ட் ஒட்டு இருந்தது. நடுவில் ஒன்றரை அடிதான். என் ஒட்டில் கொத்துக் கரண்டி இழுத்த வளைவு ஒரு பக்கம் போகிறது. அடுத்ததில் மறுபக்கம் போகிறது. இடது கை இழுப்பு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கரண்டியை வலது கையில் பிடி என்று. மண்டி போட்டு விரலால் தடவிப் பார்த்தேன். உன் ஒட்டில் ஒரு வெடிப்பு இல்லை. என்னுடையதில்தான் மயிரிழை ஓடியிருக்கிறது.

கம்பியை ஊன்றி எலும்பில் வைத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. பயிற்சியாளர் தோளைத் தட்டும் வரைக்கும் அப்படியே நின்றிருந்தேன்.

இருபத்தெட்டு வருடம் ஊரெல்லாம் 'ஒரு தரை, ஒரு உடைப்பு' என்ற பேச்சைப் பேசினேன். நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். கசிந்தது எனக்குப் பெரிதில்லை. மீட்டரைத் தப்பாகப் படித்தாய். அது ஒன்றுதான் உன் வேலை. அதை மன்னிக்க மாட்டேன். மன்னித்துவிட்டேன் என்று யாரிடமாவது சொன்னேன் என்று கேள்விப்பட்டால் நம்பாதே.

ஏப்ரல் 21 காலை பத்து மணிக்கு ஆபரேஷன். நீ சொன்னதற்காக இல்லை. இரண்டாவது தடவை உடைத்த இடம் இன்னும் உறுதியாக இருப்பதை என் கையால் பார்த்ததற்காக. உறவினர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். என் உடம்புக்கு என் கையெழுத்துப் போதும் என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். தங்கையைத் தனியாக விட்டுவிட்டு வராதே.

*

ஏப்ரல் 9

மச்சான்,

திட்டினீர்கள். 'டா' போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

21-ஆம் தேதி மகளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டேன், அவர்களுக்கும் அன்று எங்கேயோ போக வேண்டும். வர முடியாது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் தங்கை, "நீங்க போங்க, நான் அசையாம படுத்திருக்கேன்" என்கிறாள். அசையாமல் இருக்கிற ஆளா அவள்?

காலணியைக் கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உள்ளே விட மாட்டார்கள்.

*

மே 2

மாப்பிள்ளைக்கு,

கம்பியை எடுத்துக்கொண்டுதான் போனேன். காவலாளி வாங்கி வைத்துக்கொண்டு, திரும்பும்போது கொடுத்துவிட்டார்.

ஐந்தரை மணி நேரம் ஆனதாம். அறுவை அரங்குக்கு வெளியே ஒரு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். என்னைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலியிலும் யாருக்காகவோ யாரோ உட்கார்ந்திருந்தார்கள், பை, ஃபிளாஸ்க்கோடு. கடைசி நாற்காலி காலியாக இருந்தது. அது என்னுடையது என்று வைத்துக்கொண்டேன்.

கண் விழித்தபோது சாயங்காலம். வயிற்றின் ஓரத்தில் ஒரு குழாய் வைத்து, உள்ளே ஊறுகிற நீர் ஒரு பையில் இறங்கியது. பை படுக்கைக்கு மேலே மாட்டியிருந்தால் நீர் எப்படி இறங்கும் என்று நர்சிடம் கேட்டேன். பார்த்துவிட்டு, "அட ஆமா" என்று கீழே மாற்றினாள். அன்றிலிருந்து வார்டில் எனக்கு 'இன்ஜினியர்' என்று பெயர். ஆறாம் நாள் குழாயை எடுத்தார்கள். வலது கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இறுக்கமான நீளக் காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறேன். எடுத்த முடிச்சுகள் பதினேழு. அதில் நான்கில் புற்று இருந்ததாம். படத்தில் எரிந்தது இரண்டு. மீதி இரண்டும் சத்தமே போடாமல் உள்ளே இருந்திருக்கின்றன.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் கோப்பைப் புரட்டினேன். நான் மட்டும் கையெழுத்துப் போட்டு உள்ளே போன காகிதத்தில் இன்னொரு கையெழுத்து இருக்கிறது. மை முழுக்க இடமிருந்து வலமாக ஈஷியிருக்கிறது. எழுதியதை எழுதிய கையே அழித்துக்கொண்டு போயிருக்கிறது. உறவு என்ற இடத்தில் நான் எழுதியதை யாரும் திருத்தவில்லை. 'உதவியாள்' என்றுதான் இருக்கிறது.

நர்சைக் கேட்டேன். "பதினொரு மணிக்கு ஒருத்தர் ஓடி வந்தாரே, கடைசி நாற்காலியில உட்கார்ந்திருந்தாரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். நான்கு மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டாராம்.

வந்தவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா?

*

மே 8

மச்சான்,

சொன்னேன். உங்களை வெளியே கொண்டுவந்ததும் இடது காதுப் பக்கம் குனிந்து சொன்னேன். நீங்கள் மயக்கத்தில் இருந்தீர்கள். என்ன சொன்னேன் என்று உங்கள் தங்கையும் கேட்டாள். அவளுக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அம்மா அன்று போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அதனால் வர முடிந்தது.

உறவு என்ற இடத்தைத் திருத்தலாமா என்று அங்கே பேனாவை எடுத்தேன். நீங்கள் எழுதியதை நான் எப்படித் திருத்துவது?

*

ஜூன் 10

மாப்பிள்ளைக்கு,

ஆறு வாரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். எண் வந்துவிட்டது. ஒரு உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். வழியில் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் மாடியில் பாத்திரம் கழுவினார்கள். இரண்டாம் மாடியில் குழந்தை குளித்தது. யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லலாம் என்றால் இந்தக் கட்டடத்தில் எனக்கு யார் முகமும் தெரியாது, அவர்கள் வீட்டுத் தண்ணீரைத்தான் தெரியும்.

எனக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. தொழில் முறை என்று ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவன் மீட்டரைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தன் இஷ்டத்துக்குப் படிப்பான். உறையைப் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வேறு ஆள் இல்லை.

காதுக்காரன்

*

ஜூன் 15

மச்சான்,

உங்கள் தங்கை இப்போது ஊன்றுகோல் பிடித்து ஜன்னல் வரை நடக்கிறாள். அங்கே வெளிச்சத்தில் அவளை உட்கார வைத்துவிட்டுப் பிரித்தேன். நான் இரண்டு தடவை படித்தேன். என்னை நம்பாமல் அவளும் ஒரு தடவை படித்தாள். உங்கள் குடும்பம்தானே.

0.3.

பெரிய முள் நின்றுவிட்டது. சின்ன முள் நகர்கிறது. டாக்டரம்மா கீழே மூன்று வரி எழுதியிருக்கிறார். நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பூஜ்யம் இல்லை, கதிர் வைப்பது பற்றிப் பேச வேண்டும், செப்டம்பரில் மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். இந்தத் தடவை எல்லா வரியையும் சொல்லிவிட்டேன், பாதியை விழுங்கவில்லை. 'நின்றுவிட்டது' என்று எழுதத்தான் கை முதலில் போனது.

செப்டம்பர் உறையைத் தபாலில் போடாதீர்கள். மேஜையிலேயே இருக்கட்டும். அவள் அதற்குள் படி ஏறிவிடுவாள். நாங்கள் இருவரும் வருகிறோம். நீங்கள் உள்ளே இருங்கள். நான் வாசலில் நின்று பிரித்து, என்ன எண்ணோ அதையே கத்துகிறேன். மூன்றாம் மாடிக்கும் கேட்கட்டும்.